தண்ணி எங்கை அள்ளினீங்கள்?

வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் கதிரையை விட்டு விறாந்தைத் தரையில் இருப்பார். தேத்தண்ணி வரும். அதில் பாதியைக் குடித்த பிறகுதான் கொப்பியைத் திறப்பார். "போரிலை என்ன நடந்தது?" என்றோ "ஆரை இழந்தீங்கள்?" என்றோ அவர் எந்த வீட்டிலும் கேட்டு நான் காணவில்லை. முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"அந்த நேரம் தண்ணி எங்கை அள்ளினீங்கள், அம்மா?"

அவர் ஓர் அரசறிவியல் ஆய்வாளர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே பள்ளிக்கூடம் போய், இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறார். போருக்குள் அகப்பட்ட, ஆயுதம் எடுக்காத சனம் எப்படி உயிர் தப்பியது என்பதுதான் அவருடைய ஆய்வு. வன்னியில் அவர் போகும் வீடுகளுக்குக் கூட வரலாமா என்று கேட்டேன். யோசித்தார். பிறகு நிபந்தனைகளோடு சம்மதித்தார். நான் வாய் திறக்கக்கூடாது. அங்கே இருந்து குறிப்பு எடுக்கக்கூடாது. ஊரின் பெயரோ ஆளின் பெயரோ எந்த எழுத்திலும் வரக்கூடாது.

"நாங்கள் எழும்பிப் போயிடுவம். அவை இங்கைதான் இருக்கவேணும். ஆர் வந்தது, என்ன கேட்டது எண்டு பிறகு வேறை ஆக்கள் வந்து விசாரிப்பினம்."

ஆகவே ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடு. முன்சுவர் இன்னும் பூசவில்லை. அந்த அம்மா தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆயத்தமாக இருந்தார். சட்டம் போட்ட படத்தைத் துடைத்து மேசையில் வைத்திருந்தார். 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோரை விசாரிக்க வந்த ஜனாதிபதி ஆணைக்குழு, அதற்குப் பிறகு காணாமற்போனோர் அலுவலகம் என்று எல்லா மேசைக்கு முன்னாலும் இருந்தவர் அவர். கடைசியாக எங்கே கண்டீர்கள், என்ன உடுப்பு, ஆர் சாட்சி என்ற கேள்விகளுக்கு மறுமொழி அவருக்குப் பாடம். தண்ணீரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சரியாகத்தான் விளங்கியதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"தண்ணியோ பிள்ளை?"

"ஓம் அம்மா. மாத்தளன்லை இருக்கேக்கை."

அவர் முகம் மாறியது. துயரம் போய்விடவில்லை. ஆனால் ஒரு வேலையை நினைவுபடுத்துகிற ஆளின் கவனம் அதற்கு மேலே வந்து நின்றது. கைகள் பேசத் தொடங்கின.

"மணலுக்கை தோண்டினா ஊறும். ரெண்டு மூண்டு முழம் காணும். கனக்கத் தோண்டினா உவர் வந்திடும். விடியப்புறத்திலை அள்ளிப்போட வேணும். வெளிச்சம் வந்தா வண்டு வந்திடும். வண்டு சுத்திப்போட்டுப் போச்செண்டால் பிறகு செல் வரும்."

போரின் கடைசி மாதங்களில் சனம் போய்ச் சேர்ந்த கடற்கரை மாத்தளன். ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் வண்டு.

"எல்லாரும் போய் அள்ளுவீங்களோ?"

"ஐயோ இல்லை. வரிசையிலை நிண்டுதானே கனபேர் போனது. எங்கடை பக்கத்திலை ஒரு எட்டுத் தறப்பாள் கொட்டில். ஒரு நாளைக்கு ஒரு கொட்டில் ஆக்கள் எல்லாருக்கும் அள்ளி வைக்கிறது. முறை."

ஆய்வாளரின் இரண்டாவது கேள்வி இங்கேதான் வந்தது. இதுவும் பிறகு எல்லா வீட்டிலும் என் காதில் விழுந்தது.

"அந்த முறையை ஆர் வைச்சது?"

"ஒருத்தரும் வைக்கேல்லைப் பிள்ளை, அது தன்பாட்டிலை..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தார். "இல்லை. அந்தக் கடைக்கார அக்கா. விசுவமடுவிலை கடை வைச்சிருந்தவ. அவதான் சொன்னவ. கடைக் கொப்பியிலை எழுதியும் வைச்சிருந்தவ, இண்டைக்கு ஆர், நாளைக்கு ஆர் எண்டு."

"அவ சொன்னா எல்லாரும் கேப்பினமோ?"

"கேப்பினம். அவ முதல் நாள் தானே போய் அள்ளினவ."

ஆய்வாளர் அதை எழுதினார். எழுதும்போது அவர் பேனை சற்று வேகமாக ஓடியதைக் கண்டேன். எட்டுக் கொட்டில், ஒரு மணல் கிணறு, ஒரு கடைக் கொப்பி, முதல் ஆபத்தைத் தான் ஏற்று அதனால் சொல்லுக்கு மதிப்புப் பெற்ற ஒரு பெண். அரசும் புலிகள் இயக்கமும் ஐக்கிய நாடுகள் சபையும் இதை ஒழுங்கு செய்து கொடுக்காத இடத்தில் இவர்கள் தங்களுக்குள் ஓர் ஆட்சியை நடத்தியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. "தன்பாட்டிலை" நடந்தது என்றே அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் போர் எழுத்தில் வீரர்கள் இருக்கிறார்கள், துரோகிகள் இருக்கிறார்கள், பிணங்கள் இருக்கின்றன. முறை வைத்துத் தண்ணீர் அள்ளியவர்கள் இல்லை. அவர்களை எழுதாமல் விட்டது சிறிய குறை என்று நான் நினைக்கவில்லை. அப்படி விட்டதால்தான் அந்தச் சனத்தை வெறும் பரிதாபத்துக்குரிய கூட்டமாக உலகம் பார்க்கிறது. அவர்களும் தங்களை அப்படியே பார்க்கப் பழகிவிட்டார்கள்.

பின்னேரம் கண்டி வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் எனக்குக் கேள்வி கேட்க அனுமதி உண்டு. அரசறிவியல் நெடுங்காலம் போரை மேலேயிருந்தே பார்த்தது என்றார் அவர். தலைவர்கள், படைகள், ஒப்பந்தங்கள். சனம் என்றால் இறந்தோர் தொகை, அகதித் தொகை, அல்லது யாரோ ஒரு தரப்பின் "ஆதரவுத் தளம்". 2006இல் ஸ்தாதிஸ் கலிவாஸ் என்ற கிரேக்க அறிஞர், தன் நாட்டு உள்நாட்டுப் போரில் ஆர்கோலிஸ் பகுதிக் கிராமங்களில் நடந்த கொலைகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். கொலை எங்கே கூடுதலாக விழுகிறது என்பதை வெறுப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு தரப்புக்குப் பெரும்பிடி இருந்தும் முழுப்பிடி இல்லாத இடத்தில், அயலவர் காட்டிக்கொடுக்கும் தகவலில் அது தங்கியிருக்கிறது என்றார். அதாவது சாதாரண ஆள் சொல்கிற ஒரு சொல், சொல்லாமல் விடுகிற ஒரு சொல், அதுவே போரின் ஒரு பகுதி. தலையாட்டியைக் கண்ட சனத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சுற்றிவளைப்பில் பிடித்த ஆண்களை வரிசையாக விட, முகமூடி போட்ட ஒருவன் தலையை ஆட்டுகிறான். அவன் ஆட்டினால் ஓர் உயிர் போகும்.

சக்கரியா மம்பிலி என்ற இன்னோர் ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட நூலில், கிளர்ச்சியாளர்கள் எப்படிச் சனத்தை ஆள்கிறார்கள் என்று ஆராய எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே இயக்கத்தின் காவல்துறையும் நீதிமன்றமும் இருந்தன. அதே ஊரில் அரசின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இயங்கின. ஆசிரியருக்குக் கொழும்பு சம்பளம் கொடுத்தது. இரண்டு அதிகாரத்துக்கு நடுவில் ஓர் ஆள் இரண்டு விதமாகப் பேசவும், இரண்டு விதமான கடதாசி வைத்திருக்கவும் கற்றுக்கொண்டார். இதைப் பாசாங்கு என்று சொல்கிறவர்கள் அந்த நடுவில் நின்றதில்லை.

ஆனால் அவர் கண்கள் ஒளிர்ந்து பேசியது கொலம்பியாவைப் பற்றி. மக்தலேனா நதியின் நடுப்பகுதியில் கராரே என்ற ஆறு. அதன் கரையில் லா இந்தியா என்ற ஊர். 1980களில் கெரில்லாக்களும் இராணுவமும் துணைப்படைகளும் அந்த விவசாயிகளை மாறி மாறி மிரட்டினார்கள். எங்களோடு சேர், அல்லது ஊரை விட்டுப் போ, அல்லது சா. விவசாயிகள் கூடிப் பேசி, இந்த வழிகளில் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1987இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆயுதம் தொடமாட்டோம், ஒருவருக்கும் தகவல் கொடுக்கமாட்டோம், யாரையாவது உளவாளி என்று சந்தேகித்தால் சுடுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் விசாரிக்கிறோம் என்று எல்லாத் தரப்பின் முகாமுக்கும் நடந்து போய்ச் சொன்னார்கள். நடந்து போய், முகத்துக்கு நேரே. ஒலிவர் கப்லன் என்ற ஆய்வாளர் அந்தச் சங்கத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 2017இல் நூல் எழுதினார்.

"அவைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"நடந்தது. 1990 பெப்ரவரி 26. சங்கத் தலைவர் ஹொசுவே வர்கசையும் கூட நிண்ட ரெண்டு தலைவர்களையும், அவையைச் செவ்வி காண வந்த சில்வியா துசான் எண்ட பத்திரிகையாளரையும் சிமித்தாரா நகரத்திலை சுட்டுப்போட்டாங்கள். அந்த வருசமே சங்கத்துக்கு மாற்று நோபல் எண்டு சொல்லுற பரிசு கிடைச்சது. சங்கம் கலையேல்லை."

தேத்தண்ணி ஆறியிருந்தது. அவர் குடிக்கவில்லை.

"இங்கை ஏன் அப்பிடி ஒரு சங்கம் வரேல்லை எண்டு என்னட்டைக் கேக்கிறவை. வெளியிலை கருத்தரங்குகளிலை கேக்கினம். இங்கை எழும்பினவை இல்லையோ? ரஜனி திராணகம என்ன செய்தவ?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்களோடு சேர்ந்து, எந்தத் தரப்பு கொன்றாலும் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நால்வர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' அவர் இறந்த பிறகுதான் அச்சாகி வெளிவந்தது. அதற்குப் பிறகு இங்கே பேச்சு தாழ்ந்தது. உயிர் தப்பும் வேலை சங்கம், கூட்டம், தீர்மானம் என்ற வடிவங்களை விட்டுக் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் போனது. ஆய்வாளர் தேடிப் போவதும் அங்கேதான்.

குடாநாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் ஒரு முழுப் பின்னேரம் இருந்தோம். பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றிய பேச்சு. 1990இல் மின்சாரம் போனது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை எல்லாம் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்ச மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் படித்தது, பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது, சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியது, கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானது. இவற்றை எங்கள் தலைமுறையில் எல்லாரும் சொல்வார்கள், பெருமையோடு சொல்வார்கள். ஆசிரியரும் சொன்னார். ஆய்வாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் எழுதவில்லை. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட கதை வந்ததும் நிமிர்ந்தார்.

"அந்த ரேடியோவை எத்தனை வீடு கேக்கும், ஐயா?"

"எங்கடை ஒழுங்கை முழுக்க. எங்கடை விறாந்தையிலைதான்."

"ஆர் மிதிக்கிறது?"

"பெடியங்கள் மாறி மாறி. பின்னேரம் வெரித்தாஸ், இரவு பி.பி.சி. தமிழோசை. புலிகளின் குரலும் கேப்பம். கொழும்பு ரேடியோவும்."

"நாலும் நாலு விதமாச் சொல்லுமே. எதை நம்புவீங்கள்?"

ஆசிரியர் இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தவர்போல நேராக இருந்தார். "எதையும் நம்பேல்லை. கொழும்பு எந்த இடத்தைச் சொல்லேல்லை எண்டு பாப்பம். புலிகளின் குரல் எந்த இடத்தைச் சொல்லேல்லை எண்டு பாப்பம். ரெண்டும் சொல்லாத இடத்திலைதான் ஏதோ நடக்குது. பிறகு அந்தப் பக்கத்திலை இருந்து மரக்கறி கொண்டு வாற ஆள் சந்தைக்கு வந்ததோ எண்டு காலமை பாப்பம். வரேல்லையெண்டால் நாங்களும் சாமான் கட்டத் தொடங்குவம்."

அவர் அதைச் சொல்லி முடிக்க, உள்ளே கதவோரம் நின்ற அவருடைய மனைவி முதல் தடவையாகப் பேசினார். "சந்தைக்குப் போய்ப் பாத்தது நான்." ஆய்வாளர் உடனே அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மிச்சப் பொழுது அந்த அம்மாவோடுதான் போனது. எந்த வியாபாரி எந்த ஊர், யார் பொய் சொல்லமாட்டார், யார் பயத்தில் கூட்டிச் சொல்வார் என்று அவர் சொல்லச் சொல்ல, ஆசிரியர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் மனைவியிடம் அவர் இதைக் கேட்டிருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30க்கு வந்தோம். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். நாலு, ஐந்து இலட்சம் சனம், மழை, ஒலிபெருக்கியில் வெளியேறச் சொல்லும் அறிவிப்பு.

"போறதெண்டு ஆர் முடிவெடுத்தது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"முடிவெடுக்க எங்களை விட்டவையோ பிள்ளை?" ஆசிரியரின் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்குச் சரியென்றே பட்டது. வேறு வழியில்லாமல் நடந்தவனிடம் நீ என்ன முடிவெடுத்தாய் என்று கேட்பது அவனைக் கூண்டில் ஏற்றுவதுபோல ஆகிவிடக்கூடும். ஆய்வாளர் விளக்கம் சொல்லவில்லை, காத்திருந்தார். அவருடைய பொறுமையை நான் அங்கேதான் அளந்தேன்.

அந்த அம்மாவே மௌனத்தை முடித்தார். "போறதை நாங்கள் முடிவெடுக்கேல்லை. எந்த வழியாலை போறதெண்டதை முடிவெடுத்தம். எல்லாரும் செம்மணி, நாவற்குழிப் பக்கம் போகினம். அந்தப் பாலத்திலை நெரிபட்டா மாமியைக் கொண்டுபோக ஏலாது. நாங்கள் கோப்பாய், கைதடியாலை போனம். அங்கையும் சனம்தான். எண்டாலும் மாமி உயிரோடை வந்து சேந்தவ." பிள்ளைகளின் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் சொப்பின் பையில் கட்டி வயிற்றோடு வைத்து நடந்ததையும் சொன்னார். பொருள்கள் பலவற்றைப் பட்டியலாக எழுதிவரும் ஆய்வாளர், இந்த இரண்டுக்கும் கீழே கோடு போட்டதைக் கண்டேன். திரும்பி வருவோம் என்று நம்பியவர்தான் காணி உறுதியை எடுப்பார். பிள்ளை இன்னும் படிக்கும் என்று நம்பியவர்தான் சான்றிதழை எடுப்பார்.

எல்லாவற்றையும் அவர் எழுதினார் என்றும் சொல்ல முடியாது.

வன்னியில் ஒரு வீட்டில், நடுவயதுப் பெண் ஒருவர் 2007, 2008ஆம் ஆண்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வரவேண்டும் என்ற காலம். பிள்ளைகளைப் பெற்றோர் ஒளித்தார்கள். படிக்கிற வயதில் கலியாணம் கட்டிவைத்தார்கள். தாலி கட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கை சில மாதம் பலித்தது, பிறகு பலிக்கவில்லை. விமானத்துக்கு வெட்டிய பதுங்கு குழிக்குள்ளே, பிள்ளைக்காக இன்னொரு குழி. அவர் தன் மகளை எங்கே ஒளித்தார் என்று சொல்லத் தொடங்கினார். அதைச் சொல்ல, யார் காட்டிக்கொடுத்தார் என்பதும் சேர்ந்து வந்தது. அந்தக் குடும்பம் இப்போதும் மூன்று வீடு தள்ளி இருக்கிறது. அவர்களும் தங்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

பெயர் வரப்போகிற கட்டத்தில் ஆய்வாளர் கொப்பியை மூடினார். பேனையை மூடி மடியில் வைத்தார்.

"அம்மா, இதை நான் எழுதேல்லை. நீங்கள் சொல்லவேணும் எண்டால் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். பேர் மட்டும் வேண்டாம்."

அவர் சொன்னார், பெயர் இல்லாமல். ஆய்வாளர் கேட்டார். கலிவாஸின் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அவருக்குக் கிடைத்திருக்காது. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பின்னேரம் நான் அதைப் பற்றிக் கேட்டேன். "அந்த ரெண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாகப் போன வீட்டில் ஒரு விவசாயி. எழுபதைத் தாண்டியவர், கையில் எப்போதும் ஒரு தடி. அவரிடம் ஆய்வாளர் பெரிய வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்தார். எல் சல்வடோரின் உள்நாட்டுப் போரை ஆராய்ந்த எலிசபெத் வூட், அந்த நாட்டு விவசாயிகளை வரைபடம் வரையச் சொல்லி அதிலிருந்து அவர்கள் கதையைக் கேட்டார். 2003இல் வந்த அவருடைய நூலில் அந்த வரைபடங்கள் இருக்கின்றன. சொல்லத் தயங்குகிறவர்கள் வரைவார்கள் என்று அங்கிருந்து கற்றுக்கொண்டதாக இவர் முன்பே சொல்லியிருந்தார். ஐயா தயங்கவில்லை. முதலில் தடியால் முற்றத்து மண்ணில் கீறிப் பார்த்து, பிறகு தாளுக்கு வந்தார்.

பதுங்கு குழி. 'ட' எழுத்தின் வடிவில். நேர்க்குழி வெட்டினால் வாசலில் விழுந்த செல்லின் துண்டு உள்ளே இருக்கிற எல்லாரையும் வெட்டும். முடக்கு இருந்தால் முடக்குக்கு அப்பால் இருப்பவர் தப்புவார். வாசல் முகாமைப் பார்க்கக்கூடாது. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண். ஆள் நிமிர்ந்து நிற்கும் ஆழம் வேண்டாம், குந்தியிருக்கும் ஆழம் போதும். ஆழம் கூடினால் மழைக்குத் தண்ணீர் நிற்கும், சரிந்தால் வெளியே வர முடியாது. கிளிநொச்சியில் ஒரு மாதிரி வெட்டலாம், அங்கே மண் இறுக்கம். மாத்தளன் மணல் நிற்காது. சுவருக்கு மூட்டை வேண்டும். மூட்டைக்குச் சாக்கு இல்லை. சீலைகளைத் தைத்தார்கள். "என்ரை மனிசி தன்ரை கூறைச்சீலையையும் தைச்சவ. பட்டு நல்லாத் தாங்கும்."

எந்த இடத்தில் எத்தனை குழி வெட்டினீர்கள் என்று ஆய்வாளர் கேட்க, ஐயா ஊர்களைச் சொன்னார். கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலர்கள் வன்னியை விட்டுப் போனபோது போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கேட்டது. 2009 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு வலயம், பெப்ரவரியில் கடற்கரைப் பக்கம் இன்னொன்று, மே மாதத்தில் அதிலும் சிறிய ஒன்று. வலயம் என்று சொன்ன இடத்துக்குள்ளும் செல் விழுந்தது. வெளியேற முயன்றவர்களை இயக்கமும் மறித்தது, சுட்டது. அந்த மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது.

ஆய்வாளர் குழியின் அளவுகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரே குழிக்குள் இருந்தீர்களா, பிரிந்து இருந்தீர்களா என்று கேட்டார். அது தன் வீட்டில் பெரிய சண்டை என்றார் ஐயா. பிரிந்திருந்தால் ஓர் ஆளாவது மிஞ்சும் என்பது அவர் கட்சி. மிஞ்சுகிற ஆள் தனியாக இருந்து என்ன செய்வது என்பது மனைவியின் கட்சி. மனைவிதான் வென்றார். எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள், எல்லாரும் தப்பினார்கள்.

அதைச் சொல்லிவிட்டு ஐயா பென்சிலைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நீங்கள் எழுதப்போறது நாங்கள் கெட்டித்தனமாத் தப்பினம் எண்டோ?"

"அப்பிடி எழுதினாப் பிழை எண்டு தெரியும், ஐயா."

"முள்ளிவாய்க்கால்லை எங்கடை பங்கருக்கு இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு. மூண்டும் ஒரே நாள் வெட்டினது. ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்துத்தான் வெட்டினம். இதே முடக்கு, இதே மூட்டை. இந்தப் பக்கத்துக் குடும்பம் என்னைவிட வடிவா வெட்டினது, அவர் மேசன். அவையிலை ஒருத்தரும் இல்லை." தடியைத் தரையில் ஊன்றினார். "அவைக்கு அறிவு காணாமலோ?"

அவர் நெஞ்சில் இந்தக் கேள்வி எவ்வளவு காலமாக இருந்திருக்கும்! இந்த ஆய்வின் மிகக் கடினமான இடமும் இதுவே. தப்பியவர்களிடம் மட்டும் கேட்டால், அவர்கள் செய்ததெல்லாம் தப்பும் வழியாகத் தெரியும். அதையே செய்து இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்லமாட்டார்கள். சில இடங்களில் அறிவு உயிரைக் காத்தது: சந்தையைப் பார்த்துச் சாமான் கட்டியது, கூட்டம் சேராமல் தண்ணீர் அள்ளியது. சில இடங்களில் குண்டின் கனம் எந்த அறிவுக்கும் இடம் வைக்கவில்லை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால், இறந்தவர்கள் தங்கள் பிழையால் இறந்தார்கள் என்ற பொய்யில் போய் முடியும். கொன்றவர்களுக்கு அதைவிட வசதியான பொய் இல்லை.

ஆய்வாளர் அந்தத் தாளை ஐயாவின் பக்கம் தள்ளினார்.

"அவையின்ரை பங்கரையும் கீறுங்கோ, ஐயா. அந்தப் பக்கத்து வீட்டையும். அந்தப் பகுதியிலை உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும். ஆர் இருந்தது, எத்தனை பேர், வாசல் எந்தப் பக்கம் பாத்தது, என்ன நடந்தது. தப்பினவையையும் தப்பாதவையையும் ஒண்டாப் போடவேணும்."

ஐயா மறுபடி பென்சிலை எடுத்தார். மேசனின் குழி. அதற்குப் பின்னால் ஒரு ஆசிரியை, இரண்டு பிள்ளை. தென்னைக்குக் கீழே மன்னார்ப் பக்கமிருந்து வந்த குடும்பம், அவர்கள் குழி வெட்ட நேரம் கிடைக்கவில்லை. அடுத்தது, அடுத்தது. உள்ளேயிருந்து மனைவி வந்து நின்று, அந்த வாசல் கிழக்கே பார்த்தது, மேற்கே அல்ல என்று திருத்தினார். இருவரும் கொஞ்சம் வாதாடினார்கள். மனைவி சொன்னதே சரி என்று ஐயா அழித்துக் கீறினார். தாளின் கரை வந்துவிட்டது.

"இது காணாது பிள்ளை," என்றார், தலை நிமிராமலே. "இன்னும் ரெண்டு மூண்டு தாள் தாங்கோ."